சேற்றுப்புண்ணும் யானைக்கால் காய்ச்சலும்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் பிரிவு மாணவியர்)

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பேருந்து நிற்குமிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் அவளுடைய ஊர். ஐந்தாம் நாள் வந்தவளிடம் வகுப்பாசிரியை காரணம் கேட்டார். “ஆயாவுக்குக் காய்ச்சல், டீச்சர். அம்மா நடவுக்குப் போயிட்டாங்க. பாத்துக்க ஆளில்லை” என்றாள். “உங்க ஆயாவுக்கு மாசா மாசம் காய்ச்சலா?” என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்துவிட்டது. அப்படிக் கேட்டவளும் இக்கட்டுரையை எழுதுவோரில் ஒருத்திதான்.

உண்மையில் அந்த ஆயாவுக்கு ஏறக்குறைய மாதாமாதம் காய்ச்சல் வந்துகொண்டுதான் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இருபது ஆண்டுகளாக வீங்கியிருக்கிறது. நம் பகுதியில் யானைக்கால் என்றால் விளக்கம் தேவையில்லை. தெருவுக்கு ஒருவரையாவது நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தக் காலுக்குள் அவ்வப்போது வந்து போகும் காய்ச்சலைப் பற்றி நாங்கள் அறியாதிருந்தோம். திடீரென்று உடம்பு நடுங்கும். போர்வைக்கு மேல் போர்வை போட்டாலும் குளிர் அடங்காது. தொடையிடுக்கில் நெறிகட்டும். கால் சிவந்து, தொட்டால் அனலாய்க் கொதிக்கும். மூன்று நாள், நான்கு நாள் படுக்கை. எழும்போது வீக்கம் முன்னைவிடச் சற்றுக் கூடியிருக்கும். வேலைக்குப் போனால்தான் கூலி என்றிருக்கும் வீட்டில், படுத்தவருடைய கூலியும் போகும், பார்த்துக்கொள்பவருடைய கூலியும் போகும். அல்லது எங்கள் தோழியைப் போல் ஒரு மாணவியின் வருகைப் பதிவு போகும்.

இந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்று வகுப்பில் கேட்டபோது, நாங்கள் ஒரே குரலில் “புழுவால்” என்றோம். பாடநூலை மனப்பாடம் செய்தவர்கள் ஆயிற்றே! வுச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல்போன்ற புழு. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், ஆண் அதில் ஏறத்தாழப் பாதி. மனிதனின் நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. அதன் இளம் உயிரிகள் இரவில் இரத்தத்தில் உலவுகின்றன. சாக்கடைக் கொசுவாகிய கியூலெக்ஸ் அவற்றை உறிஞ்சி மற்றொருவருக்குக் கொண்டு செல்கிறது. ஐந்து மதிப்பெண் விடை இத்துடன் முடிந்துவிடும்.

ஆசிரியை விடவில்லை. “அந்த ஆயாவின் காலில் இப்போது உயிருள்ள புழு இருக்கிறதா?” என்று கேட்டார். அது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு புழு பல ஆண்டுகள் வாழும், ஆனால் இருபது ஆண்டு வாழாது. புதிய புழுக்கள் வந்து சேரவும் வழி குறைந்துவிட்டது. நாடு முழுவதற்குமான யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1975இல் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1990களில் நம் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களையே ஆய்வுக்களமாகக் கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் மருந்து கொடுத்தால் நோய் எவ்வளவு குறைகிறது என்று வருடக்கணக்கில் கணக்கெடுத்தது. அப்போது நம் மாவட்டத்தில் இருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதுரை ஆராய்ச்சியாளர்கள் மருந்தோடு நில்லாமல், கொசு முட்டையிடும் கழிவுநீர்க் குழிகளில் தெர்மோகோல் உருண்டைகளைத் தூவினார்கள். அவை நீரின்மேல் படலமாய் மிதக்க, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் கொசுப்புழுக்கள் மடிந்தன. எங்கள் அம்மாமார்கள் இரவில் வீடு தேடி வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்ததையும், டி.இ.சி. மாத்திரையைக் கண்முன்னே விழுங்கச் சொன்னதையும் இன்றும் நினைவு கூர்கின்றனர். புழு இவ்வாறு பெரிதும் ஒடுங்கிவிட்டது. காய்ச்சலோ ஒடுங்கவில்லை. அப்படியானால் காரணம் வேறு ஏதோ இருக்க வேண்டுமல்லவா?

அந்த வேறு காரணத்தைத் தேடித்தான் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் ஆசிரியையுடன் தோழியின் வீட்டுக்குப் போனோம்.

ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் காலைச் சேலையால் மூடிக்கொண்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் ஆசிரியை கேட்டார்: “காய்ச்சல் எப்போதெல்லாம் வருதும்மா?” அதற்கு ஆயா, “அமாவாசை, பௌர்ணமி கிட்ட வந்தா காலு கனக்க ஆரம்பிச்சிடும், டீச்சரம்மா. அப்பவே தெரிஞ்சிடும். மாத்திரை வாங்கிப் போட்டுக்குவேன்” என்றார். எந்த மாத்திரை என்று பார்த்தால், பழைய யானைக்கால் மாத்திரையேதான். காய்ச்சல் வரும்போதெல்லாம் அதை வாங்கி விழுங்கியிருக்கிறார்.

பிறகு ஆசிரியை, வீக்கத்தைப் பார்க்காமல், கால்விரல்களைப் பார்க்கலாமா என்று கேட்டார். எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஆயா மெல்லக் காலை நீட்டினார். வீங்கிய விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிரித்துப் பார்த்தால், தோல் வெள்ளையாய் ஊறி, நடுவில் ஒரு வெடிப்பு, இலேசான வாடை. “இது சேத்துப்புண்ணு கண்ணு. நடவு நடுறவங்க எல்லாருக்கும் இருக்கும். இதுக்கெல்லாம் யாரு டாக்டர்கிட்ட போவா?” என்று ஆயா சிரித்தார்.

நாங்கள் தேடிப்போன காரணம் அங்கேதான் இருந்தது.

அதை விளங்கிக்கொள்ள முதலில் நிணநீரைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து மதகு வழியாக வயலுக்கு நீர் பாய்வதைப்போல, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களை நனைக்கிறது. வயலில் மிஞ்சும் நீர் வடிகால் வழியே போகாவிட்டால் பயிர் அழுகிவிடும் என்பதை நம் மாவட்டத்தில் சிறு பிள்ளையும் அறியும். உடலில் அந்த வடிகால்தான் நிணநீர்க் குழாய்கள். மிஞ்சிய நீரோடு, வழியில் அகப்பட்ட கிருமிகளையும் அவை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கின்றன. புழு குடியிருந்த குழாய் தளர்ந்து, உள்ளிருக்கும் சிறு தடுக்கிதழ்கள் பழுதாகிவிடுகின்றன. புழு செத்த பிறகும் வடிகால் பழுது பழுதுதான். நீர் தேங்குகிறது, கால் வீங்குகிறது. அதைவிட முக்கியமானது, கிருமிகளை அப்புறப்படுத்தும் வேலையும் அங்கே நின்றுபோகிறது. நம்மைப் போன்றோர் காலில் நுழைந்தால் ஒரு சிறு சிவப்பாய்த் தோன்றி மறைந்துவிடும் பாக்டீரியா, அந்தக் காலில் நுழைந்தால் தேங்கிய நீரில் பெருகி ஆளையே படுக்கையில் தள்ளிவிடுகிறது.

சரி, பாக்டீரியா எப்படி நுழைகிறது? நல்ல தோல் என்பது எளிதில் உடைபடாத மதில். அதன் மேலடுக்கு கெரட்டின் என்னும் கெட்டியான புரதத்தால் ஆன செத்த அணுக்களின் அடுக்கு. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தாமாகத் துளைக்க முடியாது. ஆனால் கெரட்டினையே உணவாகக் கொள்ளும் உயிர்கள் உண்டு. அவைதாம் டிரைக்கோஃபைட்டான் முதலிய தோல் பூஞ்சைகள். படர்தாமரையை உண்டாக்குபவையும் இவையே. ஈரமும் வெப்பமும் காற்றோட்டமின்மையும் இவற்றுக்கு விருந்து; இம்மூன்றும் ஒருசேரக் கிடைக்குமிடம் கடைசி இரு கால்விரல்களின் இடுக்கு. சேற்றிலும் நீரிலும் நாள் முழுதும் ஊறிய தோலில் இவை வேர்விட்டாற்போல் இழைகளைச் செலுத்தி, கெரட்டினைக் கரைத்துத் தின்கின்றன. மதிலில் விரிசல் விழுகிறது. சேற்றுப்புண் அனைத்தும் பூஞ்சையால்தான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. வெறும் ஊறலாலும் தோல் வெடிக்கும். கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகையும் சேரும். எனினும் ஆறாமல் மாதக்கணக்கில் நிற்கும் இடுக்குப் புண்ணில் பூஞ்சையைத் தேடிப் பார்ப்பதே முறை.

நாங்களும் தேடினோம். ஆசிரியை ஆயாவின் அனுமதியோடு, புண்ணின் ஓரத்தில் காய்ந்து உரிந்திருந்த தோல் செதிள்களை ஒரு தாளில் சேகரித்து மடித்துக்கொண்டார். பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டில் அதை வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசல் ஒரு சொட்டு விட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். (அக்கரைசல் நம் தோலையும் அரிக்கும், ஆசிரியையைத் தவிர எவரும் தொடவில்லை.) அந்தக் காரம் தோலின் அணுக்களைக் கரைத்துவிடும், கைட்டின் சுவர் கொண்ட பூஞ்சை இழைகளை விட்டுவிடும். நுண்ணோக்கியில் முதலில் பார்த்தவள், “தெரியுது! தெரியுது!” என்று கூவினாள். ஆசிரியை பார்த்துவிட்டு, “அது ஆயா சேலையின் பஞ்சிழை” என்றார். மூன்றாவது தகட்டில்தான் உண்மையான இழைகளைக் கண்டோம். கண்ணாடி போன்ற நிறம், இடையிடையே குறுக்குச் சுவர், சில இடங்களில் கிளை பிரிதல். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு அகலமே இருக்கும். இருபது ஆண்டுக் காய்ச்சலுக்கு இத்தனை மெல்லிய பொருள் வழிவிட்டிருக்கிறது என்பதை நம்புவது கடினமாக இருந்தது.

பூஞ்சை வழிவிட்டது என்றோம். ஆனால் பூஞ்சையும் பாக்டீரியாவும் நண்பர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவை பரம்பரைப் பகைவர்கள். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் விழுந்த பச்சைப் பூஞ்சை தன்னைச் சுற்றியிருந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை அழித்த கதையை நாம் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம்; பெனிசிலின் அந்தப் பகையிலிருந்து மனிதன் களவாடிய ஆயுதம். நாங்கள் படித்திராதது என்னவென்றால், கால்விரல் இடுக்கில் வாழும் பூஞ்சைகளில் சிலவும் பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கின்றன என்பது. அதனால் என்ன நேர்கிறது? எளிய பாக்டீரியாக்கள் மடிகின்றன. அதைத் தாங்கத் தெரிந்தவை மட்டும் அங்கே தங்கிப் பெருகுகின்றன. மருத்துவமனையின் வாசலை மிதித்திராத ஒருவரின் காலிலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாக இது ஒரு வழி.

இதற்கு முள்ளெலிகள் சாட்சி. முள்ளெலியின் தோலில் ஒருவகை டிரைக்கோஃபைட்டான் பூஞ்சை வாழ்கிறது. நியூசிலாந்தில் 1964இல் வெளியான ஆய்வொன்று, அவ்விலங்குகளின் மேல் பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் இருப்பதைக் காட்டியது. முள்ளெலிக்கு யார் ஊசி போட்டார்கள்? 2022இல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதன் முடிச்சை அவிழ்த்தது. மெத்திசிலினுக்கும் அடங்காத ஒருவகை ஸ்டெஃபிலோகாக்கஸ், மனிதன் இம்மருந்துகளைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே முள்ளெலித் தோலில், அந்தப் பூஞ்சையோடு நடத்திய போரில் தோன்றியிருக்கிறது.

கால்விரல் இடுக்கில் இந்தப் போர் எவ்வாறு நடக்கிறது என்பதை 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லேடன், கிளிக்மன் என்ற இரு தோல்நோய் அறிஞர்கள் விளக்கினர். எங்களை மிகவும் ஈர்த்த பகுதி இதுவே. இடுக்கு உலர்ந்து செதில் செதிலாக இருக்கும்போது பூஞ்சை எளிதில் அகப்படுகிறது. ஈரம் கூடி, தோல் ஊறி, வெடித்து, வாடை வீசும் நிலைக்கு வரும்போது பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. பூஞ்சை அகப்படுவது குறைந்துகொண்டே போகிறது. பாக்டீரியாக்கள் வெளியிடும் கந்தகப் பொருள்களே பூஞ்சையை ஒடுக்குகின்றன. அந்த வாடையும் அவற்றால்தான். அதாவது, கன்னமிட்டவன் ஒருவன், வீட்டுக்குள் புகுந்தவன் வேறொருவன். புகுந்தவன் முதல் வேலையாகக் கன்னமிட்டவனையே விரட்டிவிடுகிறான். முற்றிய புண்ணைச் சோதித்தால் பாக்டீரியா மட்டுமே தெரியும். அதற்கு மட்டும் மருந்து கொடுத்தால் புண் ஆறும். சில வாரத்தில் ஒளிந்திருந்த பூஞ்சை மீண்டும் தலைதூக்கி அடுத்த விரிசலை உண்டாக்கும். நாங்கள் காய்ந்த ஓரத்துச் செதிள்களை எடுத்ததால்தான் பூஞ்சையைக் கண்டோம் என்பதும் இதைப் படித்த பிறகே விளங்கிற்று.

விரிசல் வழியே புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் முதலியவை நேரே அந்தப் பழுதான நிணநீர்க் குழாய்களை அடைகின்றன. இதற்கான சான்று தொலைதூரத்தில் இல்லை. 1990களில் போலந்து நாட்டு அறுவை மருத்துவரான ஓல்ஷெவ்ஸ்கி, தஞ்சாவூர், சென்னை, புதுச்சேரி மருத்துவர்களோடு சேர்ந்து, இத்தகைய காய்ச்சலில் படுத்திருந்தவர்களின் திசுநீரையும் நிணநீரையும் எடுத்து வளர்த்துப் பார்த்தார். கிருமிகள் இருக்கக் கூடாத அவ்விடங்களில் பலருக்குப் பாக்டீரியாக்கள் வளர்ந்தன. கேரளத்தின் ஆலப்புழையிலும் யானைக்கால் நோய் உண்டு. அங்கே புழு வேறு இனம். அங்கு மருத்துவர்கள் நோயாளிகளைப் பிரித்து, சிலருக்குப் புழு மருந்து, சிலருக்குப் பெனிசிலின், சிலருக்குக் காலைக் கழுவிப் பேணும் முறையும் புண்ணுக்குப் பூச்சு மருந்தும் கொடுத்து ஒப்பிட்டனர். புழு மருந்தால் காய்ச்சல் குறையவில்லை. காலைப் பேணியதாலும் பெனிசிலினாலும் குறைந்தது. பிரேசிலில் ஜெருசா டிரேயர் என்ற பெண் மருத்துவரும் இதே முடிவைக் கண்டு, நோயாளிகள் கூடிக் கால் கழுவக் கற்றுக்கொள்ளும் மன்றங்களை அமைத்தார்.

ஆகவே ஆயா இத்தனை ஆண்டுகளாகக் காய்ச்சல் வரும்போதெல்லாம் விழுங்கிய மாத்திரை, அந்தக் காய்ச்சலுக்குரிய மாத்திரையே அன்று. அது புழுவுக்கு உரியது. ஊரிலிருந்து நோய் ஒழிய எல்லோரும் எடுத்துக்கொண்ட அளவில் அதன் பயன் பெரிது. காய்ச்சலுக்கு வேண்டியது மருத்துவரிடம் சென்று பெறும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து. காய்ச்சல் வராதிருக்க வேண்டியது விரலிடுக்கின் பாதுகாப்பு.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆயாவின் வீட்டில் மாடப்பிறையில் ஒரு களிம்புக் குழாய் இருந்தது. டவுனில் ஏதோ ஒரு மருந்துக் கடையில், சீட்டு எதுவுமின்றி, “அரிப்புக்கு நல்லாக் கேக்கும்” என்று கொடுத்ததாம். அட்டையைப் படித்தோம். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டிராய்டு ஒன்று, மூன்றும் கலந்த களிம்பு. பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும் புண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து உண்டா என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். ஆனால் ஸ்டிராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்குவது, தோலின் எதிர்ப்பு ஆற்றலையே அடக்கி. காவலாளிகள் தூங்கிவிட, பூஞ்சை ஓசையின்றிப் பரவுகிறது, தோலும் மெலிகிறது. இத்தகைய களிம்புகள் தாராளமாய்ப் புழங்கிய நம் நாட்டில், வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரை இப்போது பெருகியிருக்கிறது. அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய அறிஞர்கள் இட்ட பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெருமைப்படத்தக்க பெயர் அன்று. ஸ்டிராய்டுப் பூச்சுகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018இல் மைய அரசு விதித்தது. சீட்டு கேட்காத கடைகளையும் சீட்டில்லாமல் கேட்கும் நம்மையும் அவ்விதி இன்னும் முழுதாக எட்டவில்லை.

மருதாணி அரைத்துப் பூசுவதைப் பற்றியும் எங்களுக்குள் வாதம் நடந்தது. சேற்றுப்புண்ணுக்கு மருதாணி என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த கைமருந்து. அதன் நிறப்பொருளுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் இயல்பு இருப்பது ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது. தோலையும் இறுகச் செய்கிறது. வீங்காத காலில், வெடிக்காத புண்ணில் பூசுவதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வெடித்த புண்ணில், அதுவும் யானைக்காலில், அம்மியிலிருந்து வழித்த விழுதை அப்புவது மற்றொரு கிருமிக்கு வழிவிடுவதாகும் என்பது எங்களில் பெரும்பான்மையோர் முடிவு. இருவர் இன்னும் ஒப்பவில்லை.

இவ்விரு உயிர்களும் மனித உடலில் சந்திக்கும் வேறு இடங்களும் உண்டு. நம் வாயில் பாக்டீரியாக்கள் நெருக்கமாய்க் குடியிருப்பதால் கேண்டிடா ஈஸ்ட் அடங்கியிருக்கிறது. வேறொரு நோய்க்காகப் பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை நீண்ட நாள் உண்டால் நாக்கில் வெள்ளை படர்வது, அந்தக் குடிகள் கலைந்ததன் விளைவு. பால்புட்டியைச் சர்க்கரைப் பாலோடு வாயில் வைத்தபடியே தூங்கும் தம்பி தங்கையரின் பல்லிலோ கதை நேர் எதிர்: அங்கே பல்லரிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையைக் கொண்டு ஒரு பசையை நெய்கிறது, அப்பசை கேண்டிடாவின் மேலும் ஒட்டிக்கொள்ள, இரண்டும் கூட்டுக்குடித்தனம் நடத்திப் பல்லை விரைவில் சொத்தையாக்குகின்றன.

காலைப் பற்றிய கட்டுரை என்பதால், தமிழ்நாட்டின் ஊர்ப்பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்ற மற்றொரு கால் நோயையும் சொல்லிவிடுகிறோம். அது மதுராக் கால். 1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் எழுதி வைத்ததிலிருந்து அப்பெயர் வந்தது. வெறுங்காலில் முள் குத்தி, பல ஆண்டுகளில் பாதம் கட்டியாகி, புரைகள் வழியே மணல் போன்ற குருணைகள் வெளிப்படும். இதில் விந்தை என்னவென்றால், ஒரே தோற்றமுள்ள இந்நோயைச் சிலருக்குப் பூஞ்சை உண்டாக்குகிறது, சிலருக்குப் பூஞ்சை போலவே இழையாய் வளரும் பாக்டீரியா உண்டாக்குகிறது. குருணை கருப்பாயிருந்தால் பெரும்பாலும் பூஞ்சை, சிவப்பாயிருந்தால் பாக்டீரியா, வெள்ளையாயிருந்தால் இரண்டில் எதுவும் ஆகலாம். பாக்டீரியா என்றால் மருந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்; பூஞ்சை என்றால் காலையே இழக்க நேரிடலாம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏழையின் பாதத்தில் வரும் நோய்க்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவே 174 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

மீண்டும் ஆயாவிடம் வருவோம். ஆசிரியையின் ஏற்பாட்டில் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் களிம்பை மாற்றினார். பூஞ்சைக்கு மட்டுமான பூச்சு, புண் ஆறிய பிறகும் சில வாரம் தொடர்ந்து போட வேண்டும் என்றார். செவிலியக்கா கால் கழுவும் முறையைச் செய்து காட்டினார். காலையும் மாலையும் சாதாரண சோப்பு, ஆறிய தண்ணீர், சுடுநீர் கூடாது. தொடையிலிருந்து தொடங்கிப் பாதம்வரை; தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து; பிரஷ் போட்டுத் தேய்க்காமல், கையால். அதன்பின்தான் முக்கியமான வேலை: ஒரு மெல்லிய பருத்தித் துணியைத் திரியாக்கி விரலிடுக்கில் நுழைத்து, ஈரம் துளியுமின்றி ஒற்றி எடுப்பது. “தேய்க்கிறதில்ல, ஒத்தறது” என்று மூன்று முறை சொன்னார். படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது, உட்கார்ந்த இடத்தில் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, காய்ச்சல் நாளில் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஈரத்துணி போர்த்தி உடனே மருத்துவரிடம் வருவது என்று மற்றவற்றையும் சொன்னார். செருப்பைப் பற்றியும் சொன்னார். வீங்கிய காலுக்குக் கடையில் செருப்பு கிடைக்காது என்பதை அன்றுதான் நாங்கள் யோசித்தோம். தோழியின் மாமா மென்மையான ரப்பரில் அளவெடுத்துத் தைத்துக்கொண்டு வந்தார்.

குனிந்து சுண்டுவிரலைத் தொட ஆயாவால் முடியாது. எனவே கழுவும் வேலை எங்கள் தோழியுடையதாயிற்று. காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் கால்மணி நேரம், மாலையில் கால்மணி நேரம். “பேத்தி கையால காலு கழுவிக்கிறதா?” என்று முதல் வாரம் ஆயாவுக்கு ஒரே கூச்சம். இரண்டாம் வாரம், “இந்தப் பக்கம் இன்னும் ஈரம் இருக்குது பாரு” என்று அவரே மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அமாவாசை விஷயத்தை மட்டும் நாங்கள் விடுவதாக இல்லை. ஆயாவின் வீட்டு நாட்காட்டியில் காய்ச்சல் வரும் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடும்படி தோழியிடம் சொல்லியிருந்தோம். கார்த்திகையில் தொடங்கி இவ்வாண்டு ஆவணி முடிய இரண்டே வட்டங்கள். மாசியில் ஒன்று: ஓர் உறவினர் திருமணத்துக்குப் போய் மூன்று நாள் கால் கழுவாமல் இருந்தபோது வந்தது. ஆடியில் ஒன்று: மழையில் நனைந்து களை பறித்த வாரத்தில், ஒன்றரை நாளில் தணிந்துவிட்டது. முதலாவது அமாவாசைக்கு ஒன்பது நாள் முந்தி. இரண்டாவது பௌர்ணமி கழிந்து ஐந்து நாள் பிந்தி. இரண்டே தடவையை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்று ஆசிரியை எச்சரித்திருக்கிறார். அடுத்த ஆண்டு நாட்காட்டியும் தயாராயிருக்கிறது. ஆயாவிடம் இதை எடுத்துச் சொன்னபோது, நாட்காட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் வரலன்னாலும் அமாவாசையில காலு கனக்கத்தான் செய்யுது, அதுக்கு ஒரு வட்டம் போடு” என்றார். இப்போது நீல மையாலும் வட்டமிட்டு வருகிறோம்.